தீர்த்தம் தெளிக்கிற கை

என்னைக் கரைக்கு வரவேண்டாம் என்று சொன்னவர்கள் எல்லோரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஊரைத் திட்டி எழுதினேன் என்று ஒருவரும் சண்டைக்கு வரக்கூடாது. என் புருஷனின் செத்தவீட்டில் எனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தவர்கள் அவர்கள்தான். என் மகளைக் குளிப்பாட்டித் தலை இழுத்துவிட்டவர்களும் அவர்கள்தான். முப்பத்தோராம் நாள் பூசை நெருங்கியபோது, "இனி வள்ளம் போற நேரம் நீ கரைப்பக்கம் வாறேல்லை, என்ன பிள்ளை?" என்று, சோறு போடுகிற அதே குரலில் சொன்னவர்களும் அவர்களேதான். நல்ல மனிதர்கள் சொன்னால் கெட்ட கதை நல்ல கதையாகிவிடுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் பற்றிக்கொண்டு வந்தது என்று விளங்க வேண்டுமென்றால் எங்கள் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மன்னார்த் தீவின் பேசாலையில், எங்கள் பக்கத்தில், ஒரு வள்ளம் புதிதாகவோ, பழுது பார்த்த பிறகோ கடலில் இறங்கும் நாளில், வள்ளக்காரனின் மனைவி மாதா கோயிலில் இருந்து தீர்த்தம் கொண்டுவந்து அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்தலையில், தெளிப்பாள். அதற்குப் பிறகுதான் ஆண்கள் தள்ளுவார்கள். மற்றப் பெண்களுக்கு அது எப்போதாவது வருகிற வேலை. எனக்கு அப்படியில்லை. கலியாணம் முடித்து என் ஊரான ஓலைத்தொடுவாயில் இருந்து பேசாலைக்கு வந்த முதல் கிழமையே, "நீ வந்து தெளிச்சாத்தான் நான் போவன்" என்று என் மனிதர் அடம்பிடித்துவிட்டார்.

"ஒரு பழுதும் பாக்காத வள்ளத்துக்கு என்னத்துக்குத் தீர்த்தம்?" என்று கேட்டேன்.

"வள்ளத்துக்கு இல்லையடி. எனக்கு."

அன்றைக்குத் தொடங்கியது. அவர்கள் பின்னேரம் வலை விடப் போய் விடியத்தான் வருவார்கள். ஒவ்வொரு பின்னேரமும் நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தீர்த்தப் போத்தலோடு கரைக்கு ஓட வேண்டும். கோயிலில் மணி அடிக்கிறவர், "உனக்கெண்டு தனியா ஒரு கிணத்தைத்தான் மந்திரிச்சு விட வேணும்" என்று பகிடி பண்ணுவார். என் மனிதருடைய தமையன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அதே கரையில் தன் வள்ளத்தோடு நின்றுகொண்டு, "பெஞ்சாதியின்ர மூஞ்சையைப் பாக்காட்டி இவருக்குக் கடல் எந்தப் பக்கமெண்டு தெரியாதாம்" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்துவார். என் மனிதருக்கு வெட்கமே கிடையாது. "ஓம், தெரியாதுதான்" என்பார்.

நான் தெளித்து முடிந்ததும் வள்ளத்தைத் தள்ளுவார்கள். அது மிதந்ததும் அவர் அணியத்தில் ஏறி நின்று, நெற்றியில் விரல்களால் இரண்டு தரம் தட்டி, கையை முன்னால் வீசுவார். எடு என்று அர்த்தம். பின்னால் நிற்கிற எஞ்சின்காரர் கயிற்றை இழுப்பார். எஞ்சின் போட்ட பிறகு கடலில் வாய்க்கு வேலை இல்லை. அந்த இரைச்சலில் கத்தினால் தொண்டைதான் போகும். அதனால் எல்லாம் கைப்பாஷை. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெதுவாகப் போ. கைகளைக் குறுக்கே பிடித்தால் வலை சிக்கிவிட்டது. ஒரு கையை முஷ்டியாக மடக்கி மற்றக் கையில் ஊன்றினால் நங்கூரம் போடு, இந்த இடத்திலேயே நில். நெற்றியில் தட்டி வீசுவது மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு. வேறு வள்ளத்தில் ஒருவரும் அப்படிச் செய்வதில்லை.

அந்தக் கைப்பாஷையை நான் கரையில் நின்றே படித்துவிட்டேன். வீட்டிலும் அது உதவியது. மாமி குசினிக்குள் இருக்கும்போது நான் எழும்பப் போனால், அவர் முஷ்டியை உள்ளங்கையில் ஊன்றிக் காட்டுவார். நங்கூரம் போடு, போகாதே. மாமி திரும்பிப் பார்த்து, "என்னடா கையைக் குத்திறாய், நோகுதா?" என்று கேட்பா. நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கப் படுகிற பாடு இருக்கே!

அவருடைய நாக்கில் புண் வந்தபோது நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பிழை விட்டோம். அதை எங்களைப் போன்றவர்களால்தான் விடமுடியும். கிழிந்த வலையைப் பொத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நைலோன் நூலை ஒரு பக்கத்துப் பல்லில் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கடித்துத் துப்புவார்கள். நூல் சிலவேளை நாக்கையோ உதட்டையோ வெட்டிவிடும். எங்கள் ஊரில் அந்தப் புண் இல்லாத வாய் இல்லை. கடல் தண்ணியில் கொப்பளித்தால் ஆறிவிடும், அதற்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போனது? அவர் நூல் பிடிப்பது இடது பக்கம். புண் வந்ததும் இடது பக்கம். வெற்றிலையும் புகையிலையும் அடக்கி வைப்பதும் அதே இடது பக்கம்தான், ஆனால் அதை ஒருவரும் யோசிக்கவில்லை. நூலைத்தான் எல்லோரும் திட்டினோம். அத்தான், "இந்தமுறை வந்த நூல் சரியில்லை, கம்பி மாதிரிக் கிடக்கு" என்றார். மாமி மடு மாதா கோயில் மண்ணைக் கரைத்துப் பூசினா. நான் உறைப்பில்லாமல் சொதி வைத்துக் கொடுத்தேன். புண் ஆறவில்லை. ஒரு சோளகக் காற்றுக் காலம் முழுக்க ஆறவில்லை. காது வரைக்கும் குத்துகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்த்த உடனேயே கொழும்புப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

அங்கே டொக்டர் என்னையும் அத்தானையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்துக்கே அது விளங்கியது. அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடலில் காற்றுக்கும் மழைக்கும் அசையாத மனிதர். பிறகு என்னிடம், "அவனுக்குச் சொல்லிப்போடாத. சொன்னா உடைஞ்சு போயிடுவான்" என்றார். நான் தலையாட்டினேன். தலைதான் ஆட்டினேன், வாக்குக் கொடுக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அத்தான் முன்னால் இருந்து நித்திரையாகிவிட்டார். பஸ் தீவுக்குள் போகிற தாம்போதியில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர். இவர் யன்னலால் பார்த்துக்கொண்டு, "தண்ணி நல்லாத் தெளிஞ்சிருக்கு, நாளைக்கு இறங்க வேணும்" என்றார். எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, அவருடைய வாய்க்குள்ளேயே இருக்கிற ஒன்று, அவருக்கு மட்டும் தெரியக்கூடாதாம். இது எந்த ஊர் நியாயம்?

"இஞ்சாருங்கோ, இது நூல் வெட்டின புண் இல்லை. புற்றுநோய்," என்றேன்.

அவர் உடையவில்லை. தண்ணியில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு, "அப்ப நூலிலை பிழையில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை."

"பாவம். நான் அதைச் சும்மா திட்டிக்கொண்டு திரிஞ்சனான்."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பஸ் மன்னாரில் நிற்கும் வரைக்கும் என் கையை விடவில்லை. அவருக்குச் சொன்னது பற்றி இன்றைக்கும் என்னைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். அந்த மனிதர் தன் சாவைத் தானே தெரிந்து வைத்திருந்தார், பிறத்தியாருடைய முகங்களில் அதைத் தேடித் திரியவில்லை. நான் அவருக்குச் செய்தவற்றில் வேறு எதை மாற்றச் சொன்னாலும் மாற்றுவேன், அதை மட்டும் மாற்றமாட்டேன்.

அடுத்த தரம் கொழும்புக்குப் போனபோது ஆஸ்பத்திரியில் நாக்கில் பெரும்பங்கை வெட்டி எடுத்தார்கள். ஊசியைக் கண்டாலே கண்ணை மூடுகிற மனிதர் அத்தனையையும் தாங்கினார். பேச்சுப் போய்விட்டது. வார்ட்டில் மற்றவர்கள் கொப்பியும் பேனையும் வைத்து எழுதிக் காட்டினார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. மருந்து ஏற்றுகிறவள் அவசரப்பட்டால் உள்ளங்கையைக் கீழே அமுக்குவார். குழாய் சிக்கினால் கைகளைக் குறுக்கே பிடிப்பார். பார்வை நேரம் முடிந்து நான் எழும்பினால் முஷ்டியை உள்ளங்கையில் ஊன்றுவார். நங்கூரம் போடு. நேர்ஸ் ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் பிறவி ஊமைகள் என்று நினைத்து என்னிடம் கையால் கதைத்தாள். நான் வாய் திறந்து பதில் சொன்னதும் அவள் துள்ளிப் போனதைப் பார்த்து அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. சத்தத்தோடு சிரிக்க வைக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா!

இனி வைத்தியம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஒரு பின்னேரம் அத்தான் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். வள்ளத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக, தன் வள்ளத்தோடு இதையும் ஓட்டுவதாக, பங்கு எங்கள் வீட்டுக்கு வரும் என்றெல்லாம் சொன்னார். சொன்னபடி செய்கிற ஆள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இவர் கையைத் தூக்கினார். என்னைக் காட்டினார். உள்ளங்கைகளைக் கூப்பி வள்ளத்தின் முன்தலை மாதிரிப் பிடித்தார். அதன்மேல் விரல்களால் தெளிப்பது போலச் செய்தார். பிறகு நெற்றியில் இரண்டு தரம் தட்டிக் கையை வீசினார். நான் தெளிக்க வேண்டும், பிறகு வள்ளம் போக வேண்டும். இதை விளங்கிக்கொள்ளப் படித்திருக்க வேண்டுமா? கடலில் போய் வருகிற அத்தானுக்கு என்னை விட நன்றாக விளங்கியிருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கோயிலில் அந்திச் செபத்துக்குத் திருந்தாதி மணி அடிக்கும்போது, ஒரு பின்னேரம், அவர் போனார். முப்பத்தைந்து வயதைக் காணவில்லை. சேமக்காலையில் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அத்தான் வள்ளத்தை இழுத்து மீன் வாடிக்குப் பக்கத்தில் ஏற்றித் தென்னங்கிடுகால் மூடினார். முப்பத்தோராம் நாள் பூசை முடியும் வரைக்கும் அது இறங்காது. அது சரிதான், அதை நானும் மதித்தேன். கீழ்ப்பக்கத்தில் இருந்த வெடிப்பு ஒன்றை அந்த நாட்களில் அத்தானே பூசிச் சரிப்படுத்தினார்.

அதன்பிறகுதான் கஞ்சி தந்த நல்ல மனிதர்களின் கதை தொடங்கியது. தொழிலுக்குப் போகிறவனுக்கு முழுவியளம் முக்கியம். புறப்படும்போது எதிரில் வருகிற முகம் நல்ல முகமாக இருக்க வேண்டும். நான் இப்போது நல்ல முகம் இல்லையாம். போன மாசம் வரைக்கும் ராசியாக இருந்த அதே மூக்கும் முழியும்தான். மாமி அழுதுகொண்டே சொன்னா. அத்தான் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்ர மனுசி தெளிக்கட்டும் பிள்ளை. நீ வீட்டிலை இருந்து மன்றாடிக்கொள்."

"அவர் உங்களுக்கு முன்னாலதானே அத்தான் காட்டினவர்?"

"அவன் நோவிலை கையைக் காலை ஆட்டினது. அதுக்கெல்லாம் அர்த்தம் எடுக்கேலாது."

எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன். அன்றைக்குக் கத்தவில்லை. ஒருத்தர் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனதை நோவில் ஆட்டிய கை என்று ஆக்கிவிட்டால், அவர் இரண்டாம் தரமும் செத்துப்போகிறார். முதல் சாவை என்னால் தடுக்க முடியவில்லை. இரண்டாவதை விடமாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பூசைக்கு முதல் நாள் பாதரிடம் போனேன். சுகவீனத்தால் இறந்த என்று வாசிக்க வேண்டாம், நோயின் பெயரைச் சொல்லுங்கோ என்று கேட்டேன். "சனம் ஒரு மாதிரி நினைக்கும் பிள்ளை," என்றார் அவர். "நினைக்கட்டும் பாதர். நினைக்கிறதுக்குத்தான் சொல்லச் சொல்லுறன்," என்றேன். அடுத்த நாள் பிரசங்கத்தில் அவர் சொன்னார். வாய்ப் புற்றுநோய், வெற்றிலை புகையிலையால் வந்தது, நூல் வெட்டினது என்று நினைத்துப் பிந்திவிட்டது. எனக்குப் பின்னால் ஒரு மனிசி சிலுவை போட்டுக்கொண்டா, அந்தச் சொல் பறந்து வந்து தன் வீட்டில் இறங்கிவிடும் என்று பயந்தவ போல. வெளியே வந்ததும் அத்தான் என்னிடம் பாய்ந்தார். "நாளைக்குப் பொம்பிளைப் பிள்ளைக்கு ஒரு கலியாணம் பேசவேண்டாமா? வருத்தத்தின்ர பேரை இப்பிடிக் கோயிலிலை வைச்சுச் சொல்லுறதா?" என்றார். என் மகள் அப்போது பாலர் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கு விழுந்த முன்வாய்ப் பல்லே இன்னும் முளைக்கேல்லை அத்தான்," என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்ததை நான் கண்டேன். அதை மறைக்கத்தான் இன்னும் கத்தினார்.

அடுத்த நாள் பின்னேரம் வள்ளம் இறங்க வேண்டும். நான் அவர் வாங்கித் தந்த பச்சைச் சீலையைக் கட்டினேன். மாமி வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தா. மறிக்கவில்லை. போத்தலை எடுத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்தேன். ஒழுங்கையில் வந்தவர்கள் விலகினார்கள். சிலர் வேலிப்பக்கம் திரும்பி நின்றார்கள். அவர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். எல்லோருக்கும் நேராகப் பார்த்து, "என்ன, சுகமா?" என்று கேட்டுக்கொண்டே போனேன்.

அன்றைக்கு அவசரத்தில் முதலே தள்ளிவிட்டார்கள், வள்ளம் முழங்கால் தண்ணியில் மிதந்தது. அத்தானின் மனைவி கையில் தீர்த்தத்தோடு நின்றா. என்னைக் கண்டதும் பின்னுக்குப் போய்விட்டா, அந்த உதவியை நான் மறக்கமாட்டேன். அத்தான்தான் முன்னால் வந்தார்.

"வீட்டை போ பிள்ளை. தொழில் செய்யிற ஆக்களின்ர வயித்திலை அடிக்காத."

"தெளிச்சிட்டுப் போறன்."

"நீ தெளிச்சா இந்த வள்ளத்திலை ஒருத்தனும் ஏறமாட்டான்."

"ஏறித்தானே நிக்கினம் அத்தான், பாருங்கோ," என்றேன். உண்மையில் இரண்டு பேர் ஏற்கெனவே ஏறித்தான் நின்றார்கள். ஒருவர் என் மனிதரோடு சின்ன வயதில் இருந்தே கடலுக்குப் போன எஞ்சின்காரர். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சீலையோடு தண்ணிக்குள் இறங்கினேன். அணியத்தில் தெளித்தேன். போத்தலில் இருந்த முழுவதையும் தெளித்தேன். பிறகு பின்னுக்கு வந்து கரையில் நின்றேன். ஒருவரும் அசையவில்லை. கரை முழுக்க சனம். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அடுத்ததாக என்ன செய்வதென்று தெரியவில்லை. தெளித்தாகிவிட்டது, ஆனால் வள்ளம் போகாவிட்டால் அவர் கேட்டது நடக்கவில்லையே. பாதி நடந்தால் அது நடந்ததா?

அப்போது எஞ்சின்காரர் நிமிர்ந்தார். பழக்கத்தில், அணியத்துப் பக்கம் பார்த்தார், கை வருமா என்று. அங்கே ஒருவரும் இல்லை. அந்த வெறும் இடத்தைத் தாண்டி அவருடைய பார்வை என்னில் வந்து விழுந்தது.

நான் நெற்றியில் இரண்டு தரம் தட்டிக் கையை வீசினேன்.

அந்த மனிதர் கயிற்றை இழுத்துவிட்டார். யோசித்து இழுக்கவில்லை. அத்தனை வருஷம் அந்தக் கைக்கு இழுத்த உடம்பு, அது இழுத்தது. எஞ்சின் இரைந்தது. அவரே திடுக்கிட்டுப் போய் என்னைப் பார்த்தார், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வள்ளத்தைத் திருப்பினார். அத்தான் அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஓடிப்போய், தண்ணியில் விழுந்தடித்து, ஏறிக்கொண்டார். தம்பியின் வள்ளத்தைத் தனியே விட அவராலும் முடியாது. அவர்கள் போகும் வரைக்கும் நின்றேன். மகள், "அம்மா, அப்பா மாதிரிச் செய்தனீங்கள்" என்றாள். அங்கேயே மணலில் இருந்து, வாய்விட்டு அழுதேன். அதுவரைக்கும் நான் அப்படி அழவில்லை.

அன்றைக்கு மீன் பட்டதா என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். நிறையப் பட்டது என்றால், அப்போ இவள் ராசிக்காரிதான் என்பீர்கள். படவில்லை என்றால், பார்த்தாயா என்பீர்கள். என் முகத்துக்கும் மீனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்கள் விடிய வந்து சேர்ந்தார்கள். எனக்கு அதற்கு மேல் தேவையில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் போனேன். தெளிக்கிற வேலையோடு இன்னொரு வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். முதலில் எஞ்சின்காரரைப் பிடித்தேன். "வாயைத் திறவுங்கோ பாப்பம்," என்றேன். மனிதர் முழித்தார். "திறவுங்கோ அண்ணை, நான் ஒண்டும் பல்லுப் புடுங்கப் போறேல்லை." திறந்தார். டோர்ச் அடித்து நாக்கின் இரண்டு ஓரத்தையும், கன்னத்தின் உள்பக்கத்தையும் பார்த்தேன். வார்ட்டில் டொக்டர் எப்படிப் பார்ப்பார், எது வெள்ளைத் தடிப்பு, எது ஆறாத புண் என்று நான் கண்டிருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. ஆனால் ஒரு புண் இரண்டு கிழமையில் ஆறாவிட்டால் மன்னாருக்கு பஸ் ஏற்றிவிட எனக்குத் தெரியும். நூல் வெட்டினது என்று சொல்கிறவனை நான் விடமாட்டேன். பக்கத்து வள்ளக்காரர்களும் வந்தார்கள், முதலில் பகிடிக்கு, பிறகு உண்மையாக. ஏசிக்கொண்டே வருவார்கள். வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார்கள், எனக்குத் தெரியாதென்று நினைத்து. என் முகத்தில் முழிக்கக்கூடாது என்று வேலிப்பக்கம் திரும்பி நின்றவர்களும் அதில் இருந்தார்கள்.

அத்தான் மட்டும் வரவில்லை. கன மாசம் வரவில்லை. மற்றவர்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது அவர் தள்ளி நின்று வலையை உதறுவார்.

ஒரு பின்னேரம் வள்ளம் புறப்படுகிற நேரம், எல்லோரும் ஏறிய பிறகு, அவர் தண்ணியைத் தாண்டி என்னிடம் வந்தார். குனிந்தார், நான் உயரம் குறைவு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், ஊசிக்கு முன்னால் தம்பி மூடுகிற மாதிரியே. வாயைத் திறந்தார். நான் டோர்ச்சைப் பிடித்து ஆறுதலாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். காவி படிந்த பல்லைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

"ஒண்டும் இல்லையே பிள்ளை?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"கண்ணைத் திறந்து என்னைப் பாருங்கோ அத்தான்," என்றேன். தொழிலுக்குப் போகிற நேரத்தில், என் முகத்தை, நேராகப் பார்த்தார்.

நான் நெற்றியில் இரண்டு தரம் தட்டிக் கையை வீசினேன். அவர் போய் வள்ளத்தில் ஏறினார்.